கைக்கு இசைந்த கிட்டார்

கிட்டாரின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கிச் செல்லும் 'நட்' என்னும் சிறு துண்டிலிருந்து, உடற்பகுதியில் அவை அமரும் 'பிரிட்ஜ்' வரை உள்ள தூரமே அக்கருவியின் அதிர்வு நீளம் எனப்படுகிறது. எலெக்ட்ரிக் கிட்டார்களுள் பெரும்பாலானவற்றில் இந்நீளம் 628 மில்லிமீட்டருக்கும் 648 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டிருக்க, ஏறக்குறைய 610 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் உள்ளவை குறுநீளக் கிட்டார்கள் என்று வகைப்படுத்தப்படுகின்றன. இன்று இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும் ஸ்கொயர் மினி ஸ்ட்ராட்டின் அதிர்வு நீளம் 578 மில்லிமீட்டர். ஐபனேஸ் மைக்ரோவின் நீளம் 564 மில்லிமீட்டர். விலையும் எடையும் குறைந்த இக்கருவிகள் சிறுவர்க்குரிய பயிற்சிக் கருவிகளாகவே விற்கப்படுவதால், வளர்ந்ததும் கைவிட வேண்டியவை அவை என்ற எண்ணம் பரவலாக நிலைத்துவிட்டது. ஆயினும் நீளம் குறைவதால் தந்திக்கு வரும் நெகிழ்வு, தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும் நம் இசை முறைக்கு நேரடியாகப் பயன்படுவது. மலிவு விலையால் கருவியில் தங்கிவிடும் குறைகளோ, பொறுமையும் பழகிய கையும் இருந்தால் பெரும்பாலும் நீக்கிவிடக் கூடியவை.

பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லாத நிலம் பாலாற்றங்கரையின் தோல் தொழில் வட்டாரம். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் இவ்வட்டாரம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்ற மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட போதிலும், தோல் பதனிடுதல், காலணியின் மேற்பகுதியாகிய அப்பர் தைத்தல், முழு ஷூ தயாரித்தல் ஆகிய தொழில்களால் இன்றும் ஒன்றாகவே இயங்குகிறது. தையல் மடிப்பு தடிக்காதபடி தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்கும் வேலையில் மில்லிமீட்டரின் சிறு பங்கு கூடக் கணக்கில் வரும். கிட்டாரைச் சீர்செய்யும் வேலைக்கு வேண்டியதும் அதே அளவுணர்வுதான். மேலும், எலெக்ட்ரிக் கிட்டாரைக் கர்நாடக இசையின் கருவியாக உலக அரங்குகளில் நிலைநிறுத்தியவர்களுள் ஒருவரான பிரசன்னா வளர்ந்த ஊர் இவ்வட்டாரத்தின் ராணிப்பேட்டையே ஆகும்.

நீளமும் இழுவிசையும்

ஒரு தந்தி எழுப்பும் ஒலியின் சுருதியை அதன் நீளம், தடிமன், அதை இழுத்துக் கட்டியுள்ள விசை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தடிமனும் சுருதியும் மாறாதிருக்க நீளத்தை மட்டும் குறைத்தால், தேவைப்படும் இழுவிசை நீளத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறையும். 648 மில்லிமீட்டர் கிட்டாரில் 10 எனக் கடைகளில் குறிப்பிடப்படும், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள முதல் தந்தியை உரிய சுருதிக்கு ஏற்ற ஏறக்குறைய 7.3 கிலோ விசை வேண்டும். அதே தந்திக்கு 578 மில்லிமீட்டர் கிட்டாரில் 5.8 கிலோ போதும். நீளம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும்போது விசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, குறுநீளக் கிட்டாரில் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது எளிது. குறைந்த விசையில், குறைந்த தூரம் நகர்த்தினாலே சுருதி வேண்டிய அளவு ஏறிவிடுகிறது. இரண்டாவது, மெல்லிய தந்திகளைப் பூட்டினால் அவை தொய்ந்து அதிரும். விரலைச் சற்று அழுத்தி வைத்தாலும் சுருதி பிசகும். ஆகவே முழுநீளக் கிட்டாரில் 9 வரிசைத் தந்தி பழகியவர் குறுநீளக் கருவிக்கு 10 வரிசையைப் பூட்டினால், இரண்டிலும் விரல் உணரும் இறுக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். புதிய கருவிக்குச் செய்யத்தக்க திருத்தங்களுள் மிக மலிவானதும் முதன்மையானதும் இத்தந்தி மாற்றமே.

விரல்கள் விரிய வேண்டிய தூரமும் குறைகிறது. கழுத்தின் மீது குறுக்காகப் பதிக்கப்பட்ட, வீணையின் மெட்டுகளை ஒத்த உலோகக் கம்பிகள் 'ஃப்ரெட்' எனப்படும். திறந்த தந்தியை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால், தொடக்க மாணவர்கள் சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள் அதே தந்தியில் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளில் அமைகின்றன. ரிஷபத்திற்குரிய முதல் ஃப்ரெட்டிலிருந்து காந்தாரத்திற்குரிய நான்காம் ஃப்ரெட் வரையுள்ள தூரம் முழுநீளக் கிட்டாரில் 97 மில்லிமீட்டர். 578 மில்லிமீட்டர் கருவியில் அது 87 மில்லிமீட்டர். சிறிய கைகளை உடைய மாணவர், கையை நகர்த்தாமலே ஆள்காட்டி விரலால் ரிஷபத்தையும் சுண்டு விரலால் காந்தாரத்தையும் தொடுவதற்கு இந்த 10 மில்லிமீட்டர் பெரிதும் உதவுகிறது.

இசைக்காகத் திருத்தப்பட்ட கருவிகள்

கர்நாடக இசையின் உயிராகக் கருதப்படும் கமகம், ஒரு ஸ்வரம் தன் இடத்தில் அசையாது நிற்காமல் அடுத்துள்ள ஸ்வரங்களைத் தொட்டு அசைவதைக் குறிக்கும். தோடி ராகத்தின் காந்தாரம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. வீணையில் இவ்வசைவு, மெட்டின் மீது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே பெறப்படுகிறது. கிட்டாரிலும் வழி அதுவே. எனவே தந்தி எவ்வளவு தூரம் இழுபடும், இழுத்த பின் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கருவி தரும் விடையைப் பொறுத்தே அது கர்நாடக இசைக்குத் தகுதி பெறுகிறது.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை கண்ட முன்னோடி, 1969-இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து, சிறுவயதிலேயே சென்னை மேடைகளை வியக்கவைத்து, 2014-இல் மறைந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் ஆவார். மேலைநாட்டு மாண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாகக் கட்டப்பட்டிருக்கும். இணைத் தந்திகளைச் சீராக இழுத்துக் கமகம் வாசிப்பது கடினம். மீட்டிய ஒலியும் விரைவில் அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு, இணைகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டினார். ஒற்றைத் தந்தி இழுப்பதற்கு இடம் கொடுத்தது. மின்பெருக்கி ஒலியை நீட்டித் தந்தது. கிட்டாரைக் காட்டிலும் மிகக் குறுகிய அதிர்வு நீளமுள்ள, மின்வழி ஒலிக்கும் ஒரு சிறு கருவி, இராக ஆலாபனையின் முழு விரிவையும் தாங்கும் என்பதை அவருடைய கச்சேரிகள் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டின.

கிட்டாரிலேயே வேறொரு திருத்தத்தைக் கையாண்டவர் ஆங்கிலேயக் கலைஞர் ஜான் மெக்லாக்லின். எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவரான அவர், 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் இயங்கிய சக்தி குழுவிற்காக, ஃப்ரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிட்டாரைப் பயன்படுத்தினார். வீணையில் மெட்டுக்குக் கீழே வெற்றிடம் இருப்பதால் விரல் மரத்தில் உரசுவதில்லை. செதுக்கிய கழுத்திலும் விரல்நுனி மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் பற்றுவதால், இழுப்பு தங்குதடையின்றி அமைகிறது. பின்னாளில் ஸ்ரீநிவாஸும் மெக்லாக்லினும் ரிமெம்பர் சக்தி குழுவில் ஒரே மேடையில் வாசித்தனர்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையைக் கச்சேரி அளவில் வாசித்த முன்னோடியாக சுகுமார் பிரசாத் அறியப்படுகிறார். அவ்வழியை வேறு திசைகளுக்கும் விரித்தவர் ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் பயின்ற அவர், வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடம் கர்நாடக இசை கற்றவர். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு மரியாதை செலுத்தும் வகையில் 2006-இல் வெளிவந்த எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட் தொகுப்பும், 2009-இல் குறும் ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருது பெற்ற ஸ்மைல் பிங்கி படத்திற்கு அவர் அமைத்த இசையும் அவருடைய வீச்சைக் காட்டுவன. பெருநகரத்து இசைச்சூழலுக்கு வெளியே, தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரிலிருந்து இத்தகைய கலைஞர் உருவாகியிருப்பது, இன்று அதே வட்டாரத்தில் மலிவான கிட்டாரோடு தொடங்கும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மேலைநாட்டிலும் குறுநீளக் கிட்டாரின் வரலாறு எளிய தொடக்கமுடையது. ஃபெண்டர் நிறுவனம் 1956-இல் மாணவர்களுக்கென 572 மில்லிமீட்டர் நீளத்தில் மியூசிக்மாஸ்டர், டியோ-சானிக் என்ற இரு கிட்டார்களை வெளியிட்டது. ஜான் லெனன் 1960-இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிப் பின்னர் பாகங்களையும் நிறத்தையும் மாற்றிக்கொண்ட ரிக்கன்பேக்கர் கிட்டாரின் நீளம் 527 மில்லிமீட்டர் மட்டுமே. குவீன் குழுவின் பிரையன் மே, விலைக்கு வாங்க வசதியில்லாத நிலையில், 1963-இல் தம் தந்தையோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தையும் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளையும் கொண்டு கட்டத் தொடங்கிய கிட்டார் 610 மில்லிமீட்டர் நீளமுடையது. அதையே அவர் வாழ்நாள் முழுவதும் மேடைகளில் வாசித்து வருகிறார்.

சீர்செய்யும் வரிசை

மலிவான கிட்டார்களில் மரமும் உலோகமும் தரக்குறைவாக இருப்பதைக் காட்டிலும், இறுதிக்கட்டச் சீரமைப்பு முழுமையாகச் செய்யப்படாமல் இருப்பதே மிகுதி. அச்சீரமைப்பை உரிமையாளரே செய்யலாம். ஆனால் ஒன்று மற்றொன்றைப் பாதிப்பதால் வரிசை தவறக் கூடாது.

முதலில் கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும். கழுத்துக்குள் ஓடும் 'டிரஸ் ராடு' என்ற எஃகுக் கம்பி, தந்திகளின் இழுப்பை எதிர்த்து நிற்கிறது. ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்தால், ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி மிகுந்தால் கம்பியை வலஞ்சுழியாக முறுக்கியும், இல்லாவிட்டால் இடஞ்சுழியாகத் தளர்த்தியும் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்புவது ஆபத்து.

அடுத்தது நட். மலிவான கருவிகளில் தந்தி அமரும் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாமல் விடப்படுவதால், முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போதே தந்தி கூடுதலாக நீண்டு சுருதி ஏறிவிடுகிறது. குறுநீளக் கருவியில் இக்குறை இன்னும் தெளிவாகக் கேட்கும். தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பார்க்கும்போது, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் மெல்லிய உருண்டை அரத்தால், தலைப்பக்கம் சற்றே சரியும்படி, இரண்டு மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை சோதித்தபடி பள்ளத்தை ஆழப்படுத்தலாம். ஆழம் மிகுந்து தந்தி ஃப்ரெட்டில் மோதிக் கரகரத்தால், பேக்கிங் சோடாத் தூளைப் பள்ளத்தில் இட்டு ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் அது கல்லாக இறுகிவிடும். பிறகு மீண்டும் அரத்தால் பள்ளமிடலாம்.

பின்னர் பிரிட்ஜில் உள்ள திருகுகளால், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை 1.5 முதல் 2 மில்லிமீட்டருக்குள் அமைக்க வேண்டும். கமகம் மிகுதியாக வாசிப்போர்க்கு 2 மில்லிமீட்டரே ஏற்றது. மிகத் தாழ்ந்த தந்தியை இழுத்தால் அடுத்துள்ள ஃப்ரெட்டுகளில் உரசி ஒலி அறுந்துபோகும். இறுதியாக, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா என்று ட்யூனர் செயலியால் சோதிக்க வேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் தந்தியைத் தாங்கும் 'சேடில்' என்ற துண்டைப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும்.

இவ்வட்டாரத்தின் தட்பவெப்பம் இதில் தனிக்கவனம் கோருகிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெப்பத்தில் கழுத்தின் மரம் ஈரம் இழந்து சுருங்க, உலோக ஃப்ரெட்டுகள் சுருங்காது நிற்பதால் அவற்றின் முனைகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறும். மென்மையான அரத்தால் அம்முனைகளைச் சாய்வாகத் தேய்த்து மழுக்குவது, மலிவான கருவியை விரும்பி எடுக்கத்தக்க கருவியாக மாற்றும் பணிகளுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் மரம் மீண்டும் ஈரம் ஏற்று விரிவதால், ஆண்டுக்கு இருமுறையேனும் கழுத்தின் வளைவைச் சோதிப்பது நன்று.

காந்தமும் கம்பிச்சுருளும்

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி 'பிக்கப்' என்ற பகுதியில் பிறக்கிறது. காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்க, அதன் மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் தோன்றுகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது ஆம்ப்ளிஃபயர். ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் உள்வாங்கிவிடும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955-இல் உருவாக்கிய 'ஹம்பக்கர்', எதிரெதிர்க் காந்தமுனைகளும் எதிரெதிர்ச் சுற்றுத்திசையும் கொண்ட இரு சுருள்களை இணைத்து, இரைச்சலைத் தனக்குத்தானே அழித்துக்கொள்ளச் செய்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் அளவிலேயே ஹம்பக்கர்கள் கிடைப்பதால், மரத்தை வெட்டாமலே மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் பிக்கப்பை மாற்றும் முன் செய்யத்தக்க சிக்கனமான வேலை ஒன்று உண்டு. பிக்கப்புகள் அமர்ந்துள்ள குழியின் உட்புறம் முழுதும் செப்புத்தகடு ஒட்டி, அதை எர்த் கம்பியோடு சால்டர் செய்துவிட்டால் இரைச்சலின் பெரும்பகுதி அடங்கும். தளர்ந்த ஜாக், கரகரக்கும் வால்யூம் குமிழ் ஆகியவற்றை ரேடியோ, மொபைல் பழுதுபார்ப்பவர் எவரும் சரிசெய்து தருவர். கிட்டாரின் தந்திகள் கம்பிவழியே ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருப்பதால், ஆம்ப்ளிஃபயரை எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தோடு தொடர்புடைய இவ்விதியில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

தோலால் ஒரு வார்

குறுநீளக் கிட்டார்களின் உடல் சிறியதாகவும் இலேசாகவும் இருக்க, தந்தி முறுக்கும் திருகாணிகள் முழு எடையோடு தலைப்பக்கம் அமைவதால், நின்றுகொண்டு வாசிக்கும்போது கழுத்து கீழ்நோக்கிச் சரியும். இடக்கை கழுத்தைத் தாங்கும் வேலையிலும் ஈடுபட்டால் கமகத்திற்குரிய விடுதலையை விரல்கள் இழந்துவிடும். வழவழப்பான நைலான் வாரால் இக்குறை தீராது; சொரசொரப்பான உட்புறம் கொண்ட அகலமான தோல்வார் சட்டையைப் பற்றிக்கொண்டு நிற்பதால் சரிவு நிற்கிறது.

தோலில் இருவகை இங்கு அறியத்தக்கவை. ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிடப்பட்டு, ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் தமிழகத்திலிருந்து ஏற்றுமதியான மரபுவகை, விறைப்பும் வடிவம் காக்கும் தன்மையும் உடையது. குரோமியம் உப்புகளால் பதனிடப்படுவது மென்மையும் நெகிழ்வும் உடையது. வாரின் உடலுக்கு 5 சென்டிமீட்டர் அகலமான மென்தோல் பொருந்தும். கிட்டாரின் பொத்தானில் மாட்டும் இரு முனைகளுக்கு, நீண்டு தளராத தாவரப்பதனத் தோல் 3 மில்லிமீட்டர் தடிமனிலாவது வேண்டும். பொத்தானின் தண்டு இறுக்கமாக நுழையும் அளவுக்குப் பஞ்சால் ஒரு துளையிட்டு, பொத்தானின் தலை புகுவதற்குத் துளையிலிருந்து சிறு கீறல் போட்டு, அக்கீறலின் முடிவில் மேலும் ஒரு நுண்துளை இட வேண்டும். அந்நுண்துளை இல்லையெனில் கீறல் நாளடைவில் நீண்டு, முனை கிழிந்து, கருவி தரையில் விழும். ஆம்பூரில் அப்பர் தைத்துப் பழகியவர்க்கு இவ்வேலை புதிதன்று. வெட்டியது போக எஞ்சும் துண்டுத்தோலே இதற்குப் போதும்.

இத்தோலுக்கு இந்நிலம் கொடுத்த விலையையும் மறக்கலாகாது. தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று நீரும் விளைநிலங்களும் கெட்டதை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதற்குரிய ஈட்டைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. அத்தனை விலை கொடுத்துப் பெற்ற தோலில் ஒரு துண்டும் வீணாகாமல் பயன்பெறுவதே முறை.

மலிவான குறுநீளக் கிட்டாரை வாங்கும் ஒருவர், சேமித்த பணத்தை முதலில் பிக்கப்புக்கோ புதிய நிறத்திற்கோ செலவிடாமல், தந்தி, கழுத்து, நட், சேடில், வார் என்ற வரிசையில் தம் உழைப்பைச் செலவிடுவாராயின், மிகக் குறைந்த பணத்தில் சுருதி நிற்கும் கருவியைப் பெறுவார். அதற்குப் பின் வேண்டியது செவிப்பயிற்சி. எளிதில் இழுபடும் தந்தி எளிதில் எல்லை மீறவும் செய்யும் ஆதலால், தம்புரா அல்லது சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, இழுத்துப் பெறும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் உரிய ஃப்ரெட்டில் அழுத்திப் பெறும் ஸ்வரத்தோடு ஒப்பிட்டு நாள்தோறும் பயில வேண்டும். ஸ்ரீநிவாஸ் தம் மாண்டலினைத் திருத்தியது, ராகம் கேட்ட அசைவை அக்கருவி தர மறுத்தபோதுதான். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதை அவ்வாறு இசையே சொல்லக் கேட்டுச் செய்யும் திருத்தமே நிலைக்கும். அதைச் செய்து முடிப்பதற்கான கைத்திறம் பாலாற்றங்கரையில் தலைமுறைகளாக வளர்ந்து நிற்கிறது.